கடல் காணா ஊரிலிருந்து கப்பற் பிரயாணம்

பல்லேபொலவில் நின்று எத்திசையை நோக்கினாலும் கடல் தென்படாது. மாத்தளை மாவட்டம் நாற்புறமும் நிலத்தாற் சூழப்பட்டது. மாத்தளை நகருக்கு வடக்கே, மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கும் வயல்களுக்கும் இடையே அமைந்துள்ள இச்சிற்றூரின் பிள்ளைகள், நீர்ப்பரப்பு என்றால் நாலந்த நீர்த்தேக்கத்தையும், சற்று அப்பால் போவத்தன்னவையும் நினைப்பார்களேயன்றி, அலை எறியும் கடலை நினைக்க மாட்டார்கள். அத்தகைய ஊரிலே அண்மைக் காலமாகக் கப்பற் பிரயாணத்தைப் பற்றிய பேச்சு பலமாக அடிபடுகின்றது. மணமுடித்த இளைஞரும் பேசுகின்றனர்; ஓய்வூதியம் பெறுவோரும் பேசுகின்றனர். பேசுவோரிற் பெரும்பாலோர் கையில் பளபளப்பான விளம்பரத்தாள் ஒன்று இருக்கின்றது. அத்தாளில் நீச்சற் குளமும் இசையரங்கும் விருந்து மேசையும் உள்ளன. கடவுச்சீட்டையோ, பருவக் காற்றையோ, முழங்கால் வலியையோ அத்தாள் குறிப்பிடுவதில்லை. அவற்றைப் பற்றியே இங்கு எழுதத் துணிந்தேன்.

எங்கள் அயலில் பாடசாலை அதிபராக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் உள்ளார். அவருடைய மனைவி மாத்தளைத் தோட்டமொன்றிற் பிறந்தவர். அதிபர் தம் சேமிப்பில் ஒரு பகுதியை எடுத்து, நாற்பது ஆண்டுக் காலம் அடுப்படியை விட்டு அகலாத மனைவியைப் பெரிய உல்லாசக் கப்பலொன்றில் அழைத்துச் செல்ல விரும்பினார். அம்மையாரோ விளம்பரத்தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "ஆடலும் பாடலும் இருக்கட்டும், இந்தக் கப்பல் அக்கா வீட்டுப் பக்கம் போகுமா?" என்று கேட்டார். அக்காள் என்பவர் 1974இல் குடும்பத்தோடு இந்தியா சென்றவர். இப்பொழுது திருச்சிராப்பள்ளிப் பகுதியில் மகனுடன் வாழ்கின்றார். தலைமன்னார் இறங்குதுறையிற் பிரிந்த சகோதரிகள் அதன்பின் சந்திக்கவே இல்லை. கடிதங்களும், பின்னாளிற் கைத்தொலைபேசியுமே அவர்களுக்கு இடையே பாலமாயின. அதிபர் என்னிடம் வந்து, "ஐயா, இரண்டு ஆசையும் ஒரே செலவில் நிறைவேறுமா?" என்று வினவினார். அவ்வினாவுக்கு விடை தேடியபோது திரட்டிய செய்திகளே இக்கட்டுரையின் பெரும்பகுதி.

முதலில், இக்கடலுக்கும் எம் மாவட்டத்துக்கும் உள்ள பழைய உறவைச் சிறிது கூறவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டிற் கோப்பிப் பயிர் செழித்திருந்த காலத்தில், தென்னிந்தியத் தொழிலாளர் பாய்மரத் தோணிகளில் மன்னார்க் கரையை அடைந்து, அங்கிருந்து காட்டு வழியே நாட்கணக்கில் நடந்து மாத்தளை வந்து சேர்ந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வழியில் மாண்டோர் பலர். அவர்களுக்கு மாத்தளையே மலைநாட்டின் வாயில். மாசி மகத்தன்று ஐந்து தேர்கள் உலாவரும் மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலின் வரலாறும் அவ்வழி வந்தோரின் வரலாற்றோடு பிணைந்ததே. பின்னர் 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே நீராவிக் கப்பல் சேவை தொடங்கிற்று. கர்சன், எல்ஜின், ஹார்டிங் என்னும் மூன்று கப்பல்கள் ஏறத்தாழ 22 மைல் கடலை மாறி மாறிக் கடந்தன. புகையிரதத்தையும் கப்பலையும் இணைத்த அப்பிரயாணத்தையே எங்கள் பாட்டன்மார் 'போட் மெயில்' என்றனர். 1964 டிசம்பர் 22ஆம் திகதி இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதன்பின் இராமேசுவரமே மறுகரை ஆயிற்று.

அதே 1964ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதிதான் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்று அதில் எழுதப்பட்டது. அதன்படி சென்றவர்களைச் சுமந்த கப்பல்களில் 'இராமானுஜம்' என்னும் பெயர் மலைநாட்டில் இன்றும் மறக்கப்படவில்லை. 1980களில் போர் மூண்டதும் அச்சேவையும் நின்றது. இவ்வாறு எம் பகுதியாருக்குக் கப்பல் என்பது நெடுங்காலம் பிழைப்பையும் பிரிவையும் குறித்த சொல்லேயன்றி இன்பச் சுற்றுலாவைக் குறித்த சொல் அன்று. உல்லாசத்துக்காகக் கடலிற் செல்வதென்பது எங்கள் தலைமுறைக்குப் புதுமையே.

இன்று நமக்கு எட்டக்கூடிய கப்பல்கள் இரு வகை. முதலாவது, காங்கேசன்துறைக்கும் நாகப்பட்டினத்துக்கும் இடையே ஓடும் பிரயாணிகள் படகு. 2023 ஒக்டோபர் 14ஆம் திகதி 'செரியபாணி' என்னும் கப்பலுடன் இச்சேவை தொடங்கி, பருவ மழையை முன்னிட்டுச் சில நாட்களிலேயே நிறுத்தப்பட்டது. 2024 ஓகஸ்ட் 16ஆம் திகதி 'சிவகங்கை' என்னும் கப்பலுடன் மீண்டும் தொடங்கிற்று. ஏறத்தாழ 110 கிலோமீற்றர் தூரம். நான்கு மணி நேரம் அளவிற் கரை சேரலாம். இதில் ஏறத்தாழ 150 பேர் அமரலாம். இங்கே அறையும் இல்லை, ஆடலரங்கும் இல்லை. பஸ்ஸிற் போல ஆசனத்தில் அமர்ந்து செல்ல வேண்டியதே. மழைக்காலத்தில் இச்சேவை நிற்பதும், நாட்கள் மாறுவதும் வழக்கம். ஆகவே, சென்ற மாதம் அயலவர் போனார் என்பதை நம்பி மூட்டை கட்டாமல், புறப்படும் வாரத்திலேயே மறுபடியும் விசாரித்தல் வேண்டும்.

இரண்டாவது வகையே உல்லாசக் கப்பல். சென்னையிலிருந்து புறப்பட்டு அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை ஆகிய துறைகளைத் தொட்டு மீண்டும் சென்னை சேரும் சுற்று 2023 ஜூன் மாதத்தில் ஆரம்பமாயிற்று. அச்சுற்றில் ஓடிய 'எம்பிரஸ்' என்னும் கப்பல் 1990இல் 'நோர்டிக் எம்பிரஸ்' என்ற பெயருடன் கட்டப்பட்டது. நீளம் 211 மீற்றர். கொள்ளளவு 48,500 தொன்னுக்கு மேல். இந்தத் தொன் எடையைக் குறிப்பதன்று, கப்பலின் உள்ளிடத்தின் பருமனைக் குறிக்கும் அளவாகும். கடைத்தெருவில் இதைப் பற்றி நடந்த வாக்குவாதத்தைக் கேட்டேன். ஆதலால் இங்கே சொல்லிவைக்கின்றேன். பல்லேபொலக் குடும்பம் ஒன்று சென்னை வரை சென்று, கப்பலேறி, திருகோணமலையில் இறங்கி, கோணேசர் கோயிலைச் சுற்றுலாப் பிரயாணிபோற் பார்த்துவிட்டு மீண்டும் சென்னைக்குப் போவது வேடிக்கையாகத் தோன்றலாம். தம்புள்ளை, ஹபரணை வழியாகத் தரைமார்க்கமாகப் போனால் ஒரு காலைப் பொழுதில் அடையக்கூடிய ஊரன்றோ அது! ஆயினும், கடலிலிருந்து விடியற்காலையிற் சுவாமி மலையை நோக்குவதும், பஸ் நிலையத்திலிருந்து நடந்து போவதும் ஒன்றாகமாட்டா.

இவை தவிர, விமானத்தில் சிங்கப்பூர் சென்று அங்கிருந்து கப்பலேறுவோரும் உளர். வசதி படைத்தோர்க்கு அது ஏற்றதே. கப்பல்களின் அட்டவணை ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இவ்வாண்டு வந்த கப்பல் அடுத்த ஆண்டும் வருமென்று எவரும் உறுதி கூற முடியாது.

காலத்தைத் தெரிந்தெடுப்பதே திட்டமிடுதலின் முதற்படி என்பேன்; பணத்தைக்கூட அதற்குப் பின்பே வைப்பேன். வங்காள விரிகுடாவிற் புயல் எழும் காலங்கள் இரண்டு: சித்திரை, வைகாசியை ஒட்டியது ஒன்று, ஐப்பசி தொடக்கம் மார்கழி வரை மற்றொன்று. இரண்டாவதே கொடியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த 'டித்வா' புயல் கடற்கரையிலிருந்து எவ்வளவோ உள்ளே இருக்கும் எமது மலைநாட்டையே நிலைகுலையச் செய்தது. கடலின்மேல் அதன் வேகம் எத்தகையதென்று சொல்ல வேண்டியதில்லை. தை பிற்பகுதியிலிருந்து பங்குனி வரையுள்ள நாட்களிற் பாக்கு நீரிணை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். அதன்பின் தென்மேற்குக் காற்று வலுக்கும் நாட்களில் நீரிணை கொந்தளிப்பதும் உண்டு. மிளகு பறித்து உலர்த்தும் வேலையுள்ள குடும்பத்தார் தங்கள் முற்றத்துப் பாயையும் கடற்காற்றையும் ஒருங்கே எண்ணி நாட் குறிக்க வேண்டியவராவர்.

அடுத்தது கடவுச்சீட்டும் நுழைவு அனுமதியும். கடவுச்சீட்டு, பிரயாணம் முடிந்த பின்னரும் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும் என்பதே பொதுவாகக் கேட்கப்படுவது. இந்திய அனுமதி பெறும்போது இரண்டு கேள்விகளைக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். எந்தத் துறைமுகத்தின் வழியாக நுழைய இவ்வனுமதி செல்லும் என்பது ஒன்று. விமான நிலையத்துக்குச் செல்லும் அனுமதி எல்லாத் துறைமுகங்களுக்கும் செல்லும் என்று எண்ணிவிடலாகாது. எத்தனை முறை நுழையலாம் என்பது மற்றொன்று. இங்கேதான் பலர் இடறுகின்றனர். சென்னையிற் கப்பலேறும் இலங்கையர் ஒருவர், கப்பல் இலங்கைத் துறையைத் தொட்டவுடன் இந்தியாவை விட்டு வெளியேறியவர் ஆகின்றார். அக்கப்பல் மீண்டும் சென்னைக்கு வரும்போது அவர் இந்தியாவுக்குள் இரண்டாம் முறை நுழைபவர். ஒரு தடவை நுழைவுக்கு மட்டும் அனுமதி பெற்றிருந்தால், கப்பலில் ஏற்றவே மறுப்பார்கள். செலுத்திய கட்டணமும் திரும்பி வராது. கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டின் விதியையும், கரையிறங்க எண்ணாவிட்டாலும்கூட, முன்பே அறிந்துகொள்வது அவசியம்.

ஆவணங்களின் பிரதிகளை இரண்டு தொகுதியாக எடுத்து, ஒன்றை வீட்டிலும் மற்றொன்றை வேறொரு பையிலும் வைத்தல் நலம். பிரயாணக் காப்புறுதி வாங்கும்போது, கடலில் நோயுற்றவரைக் கரைக்குக் கொண்டுவரும் செலவும் அதில் அடங்குமா என்று பார்க்க வேண்டும். கப்பல் வைத்தியர் உண்டு. ஆனால் அவருடைய சேவை இலவசமன்று. பெரிய சத்திரசிகிச்சையும் அங்கே நடவாது. முன்னரே உள்ள வியாதிகளைக் காப்புறுதிப் பத்திரத்தில் மறைப்போர், ஆபத்து வேளையில் அப்பத்திரம் வெறுந்தாளாவதைக் காண்பர்.

கட்டணத்துக்கு வருவோம். விளம்பரத்திற் பெரிய எழுத்தில் அச்சிட்ட தொகை, இருவர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும்போது ஒருவருக்கு ஆவது. தனியே செல்பவர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். துறைமுக வரி, சேவைக் கட்டணம், இணையத் தொடர்பு, சில பானங்கள், கரைச் சுற்றுலா ஆகியன பெரும்பாலும் வேறாகக் கணக்கிடப்படும். அச்சிட்ட தொகையின் அரைப்பங்கையாவது மேலும் ஒதுக்கி வைக்க முடியாதவர் அவ்வாண்டு போகாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. கப்பலுக்குள் காசு கைமாறுவதில்லை. அறைத் திறப்பாகிய அட்டையைக் காட்டினால் எல்லாம் கணக்கில் ஏறிவிடும். காசு கண்ணிற் படாததால் செலவும் கண்ணிற் படாது. இரவுதோறும் கணக்கைக் கேட்டுப் பார்ப்பவர் கடைசிநாளில் அதிர்ச்சியுற மாட்டார். கைத்தொலைபேசியைக் கரை நீங்கியவுடன் விமானத்திற் செய்வதுபோல் அடக்கிவிடுக. நடுக்கடலிற் செய்மதி வழியாக வரும் ஓர் அழைப்புக்கு நேரும் செலவைக் கொண்டு மாத்தளைச் சந்தையில் ஒரு வாரத்துக் காய்கறி வாங்கலாம்.

அறையைத் தெரிவதில் ஒரு சிறு சூட்சுமம் உண்டு. மேற்றளத்திலே பலகணியோடு கூடிய அறைக்கே விலை அதிகம். ஆயினும் கப்பல் ஊஞ்சலைப் போன்றது. நடுவிலும் கீழ்த்தளத்திலும் ஆட்டம் குறைவு, முனைகளிலும் உச்சியிலும் அதிகம். ஆகவே, தலைசுற்றும் இயல்புடையோர் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில், மலிவான அறையை எடுப்பதே உத்தமம். யன்னல் இல்லாத உட்புற அறையில் வெளிச்சம் வராது; இரவு எது, பகல் எது என்று தெரியாது; ஆனால் அறையிலே உறங்க மட்டும் போவோர்க்கு அது குறையாகத் தோன்றாது. முழங்கால் நோயுள்ளவர்கள் மின்தூக்கிக்கு அருகில் அறை கேட்க வேண்டும். கப்பலின் நடைபாதைகள் நீண்டவை. சாப்பாட்டுக்குப் போய் வருவதே முதியவருக்கு ஒரு யாத்திரையாகிவிடும்.

கடல் மயக்கத்தைப் பற்றி எமது ஊரில் உள்ள அச்சம் பெரிது. உட்செவியிலுள்ள சமநிலை உறுப்பு அசைவை உணர்கின்றது. கண்ணோ அசையாத அறையைக் காண்கின்றது. இரண்டின் சாட்சியும் முரண்படும்போது வயிறு புரட்டுகின்றது. எனவே மேற்றளத்துக்குச் சென்று தொடுவானை நோக்கி நிற்பவர் விரைவிற் தெளிவடைவர். படகில் அமர்ந்து கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்போரே முதலிற் துன்புறுவர். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இஞ்சி சிலருக்கு நன்றாக உதவுகின்றது. மாத்திரைகள் உண்டு; அவற்றைத் தலைசுற்றிய பிறகு விழுங்கிப் பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே உட்கொள்ள வேண்டும். எனினும், கண்ணில் அழுத்த நோய் உள்ளோரும், சிறுநீர்த் தடையால் வருந்தும் முதியவரும் வைத்தியரைக் கேளாமல் அவற்றைத் தொடலாகாது. நித்திரை மயக்கம் வருமாதலால் படிகளிற் கவனம் வேண்டும்.

நாளாந்தம் உட்கொள்ளும் மருந்துகள் எப்பொழுதும் கைப்பையிலேயே இருக்க வேண்டும். உல்லாசக் கப்பலிற் பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள். அவை அறைக்கு வந்து சேர மாலையாகலாம். இன்சுலின் ஊசி அப்பெட்டிக்குள் இருந்தால் பகலுணவு வேளையில் என்ன செய்வது? மருந்துகளின் பெயரையும் அளவையும் வைத்தியர் எழுதிய கடிதம் ஒன்று உடனிருத்தல் நன்று. விருந்து மேசையைக் கண்டதும் நீரிழிவு உள்ளோர் நீரிழிவை மறப்பதும் நடக்கக்கூடியதே. அதற்கு என்னிடம் யோசனை எதுவும் இல்லை, மனைவிமாரிடம் உண்டு. மரக்கறி உணவு மட்டும் உண்போர் சீட்டுப் பதியும்போதே அதைத் தெரிவிக்க வேண்டும். உண்ணுமுன் சவர்க்காரமிட்டுக் கை கழுவுதல் கப்பலிற் கட்டாயம். மூடிய இடத்தில் விரைந்து பரவும் நோரோ வைரஸ் என்னும் வயிற்றுநோய்க் கிருமிக்குக் கைகளிற் பூசும் மதுசாரத் திரவம் போதியதன்று. சவர்க்காரமும் தண்ணீருமே வேண்டும்.

பெட்டிக்குள் என்ன வைக்கலாம் என்பதைவிட என்ன வைக்கலாகாது என்பதே முக்கியம். மின்னழுத்தி, நீர் சூடாக்கும் கருவி, மெழுகுதிரி, சாமிக்கு ஏற்றும் கர்ப்பூரம் ஆகியவற்றை வீட்டிலேயே விட்டுவிடுக. கப்பலின் முதற் பகைவன் தண்ணீரன்று, தீயே. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஓடிய 'சிதம்பரம்' என்னும் பிரயாணிகள் கப்பல் 1985 பெப்ரவரியில் நடுக்கடலிற் தீப்பற்றிப் பலர் உயிரிழந்ததை முதியோர் மறந்திருக்க மாட்டார்கள். அதே வழியில் அதற்கு முன் நெடுங்காலம் ஓடியது 1926இற் கட்டப்பட்ட 'ரஜூலா'. அதன் மேற்றளத்திற் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று நீச்சற் குளத்தருகே சாய்ந்திருக்கின்றனர்.

கப்பலேறியதும் அபாய ஒத்திகைக்கு அழைப்பார்கள். பலரும் இதை ஒரு தொல்லையாக எண்ணி அறையிற் பதுங்குவர். அவ்வாறு செய்யலாகாது. 2012 ஜனவரி 13ஆம் திகதி 'கொஸ்டா கொன்கோர்டியா' என்னும் பெருங்கப்பல் இத்தாலியக் கரையருகே பாறையில் மோதிச் சரிந்தபோது 32 பேர் மாண்டனர். அன்று புதிதாக ஏறியவர்களுக்கு ஒத்திகை இன்னும் நடத்தப்பட்டிருக்கவில்லை. அதன் விளைவாகவே, கப்பல் புறப்படுமுன்னோ புறப்பட்டவுடனோ ஒத்திகை நடத்த வேண்டும் என்ற சர்வதேச விதி 2015 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்தது. உயிர்காப்பு அங்கி எங்கே உள்ளது, நமக்குரிய கூடுமிடம் எது, அறையிலிருந்து அங்கு செல்ல இருட்டிலும் வழி தெரியுமா என்னும் மூன்றையும் அறிந்தபின் நிம்மதியாக உறங்கலாம். குழந்தைகளோடு செல்வோர் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். கப்பலின் நீச்சற் குளத்திற் காவலர் இருப்பாரென்று நம்பிப் பிள்ளைகளை விட்டுவிடலாகாது.

கரையிறங்கும் நாட்களில் நேரமே எசமான். கப்பல் நடத்தும் சுற்றுலாவிற் சென்ற பஸ் பிந்தினால் கப்பல் பெரும்பாலும் காத்திருக்கும். நாமாக வாடகைக் கார் பிடித்துச் சென்று பிந்தினால் காத்திராது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் மணிக்கூடு ஒன்றேயாதலால் இவ்வழியிற் குழப்பம் இல்லை. சிங்கப்பூர்ப் பக்கம் செல்வோர் அங்கே இரண்டரை மணி முந்திய நேரம் என்பதையும், கப்பலின் மணி எதுவென்பதையும் அறிந்து நடக்க வேண்டும். ஒரு துறையில் ஓரிடம் பார்த்தாற் போதும். காங்கேசன்துறையில் இறங்குவோர்க்குக் கீரிமலையும் நகுலேசுவரமும் மிக அருகே உள்ளன. திருகோணமலையிற் கோணேசர் கோயிலும் பிரெடெரிக் கோட்டையும் ஒரே குன்றில் அமைந்துள்ளன. இவற்றை ஆறுதலாகப் பார்த்துவிட்டு ஒரு இளநீர் குடித்துத் திரும்புபவர், ஐந்து இடங்களுக்கு ஓடியவரைவிட அதிகம் கண்டவராவார்.

நாகப்பட்டினத்தில் இறங்குவோரின் பாக்கியம் வேறு விதமானது. வடக்கே நாகூர் தர்கா, தெற்கே வேளாங்கண்ணி மாதா கோயில், மேற்கே சிக்கல் சிங்காரவேலர் சந்நிதி. மும்மதத்தாருக்கும் உரிய மூன்று தலங்களும் குறுகிய தூரத்திலேயே உள்ளன. எங்கள் பகுதியிலிருந்து ஒரே வானில் இந்துவும் முஸ்லிமும் கத்தோலிக்கரும் சேர்ந்து போய், நாகப்பட்டினத்தில் மூன்றாகப் பிரிந்து, இரவு ஒரே விடுதியிற் கூடலாம்.

எந்தக் கப்பலாயினும் துறைமுக ஊருக்கு முதல்நாளே போய்விட வேண்டும். பல்லேபொலவிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்வோர் தம்புள்ளை, வவுனியா, கிளிநொச்சி வழியாக யாழ்ப்பாணம் சென்று அங்கே இராத்தங்குக. வழியில் ஒரு சில்லுக் காற்றுப் போனாலும் கப்பலைத் தவறவிடுவோர், அந்த ஓர் இரவின் விடுதிக் கூலியை மிச்சம்பிடித்தவர்களே. தம்புள்ளைக்கு அப்பால் இருபுறமும் விரியும் வறண்ட காட்டைப் பார்க்கும்போது, எதிர்த்திசையிலிருந்து நடந்து வந்தவர்களை எண்ணாதிருக்க இயலாது.

இனி, கடலில் என்ன செய்வது? என்னைக் கேட்டால், முதல் நாள் ஒன்றும் செய்யாதிருத்தலே நன்று என்பேன். நிகழ்ச்சி நிரலை வைத்துக்கொண்டு மணிக்கு மணி ஓடுவோர், பரீட்சைக்குச் செல்லும் மாணவர்போற் களைத்துவிடுவர். சூரியன் உதிக்குமுன் மேற்றளத்துக்குச் செல்லுங்கள். அவ்வேளையிற் கப்பலைக் கழுவுவோரையன்றி வேறெவரும் இரார். நீரின் நிறம் கறுப்பிலிருந்து ஈயமாகி, ஈயத்திலிருந்து பச்சையாவதைப் பார்க்கலாம். சில நேரங்களிற் பறக்கும் மீன்கள் நீரைக் கீறிக்கொண்டு எழும். மலையாற் சூழப்பட்ட ஊரிற் பிறந்தவருக்கு, பார்வை எதிலும் முட்டாமல் நெடுந்தூரம் செல்வதே ஒரு புது அனுபவம். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை.

அதிபருக்கு நான் கூறிய யோசனை இதுவே. பங்குனி மாதத்திற் காங்கேசன்துறைப் படகில் நாகப்பட்டினம் செல்க. தஞ்சாவூர் வழியாகத் திருச்சிராப்பள்ளி சென்று அக்காள் வீட்டில் வேண்டுமட்டும் தங்குக. அவ்வாண்டு சென்னையிலிருந்து இலங்கைச் சுற்று நடக்குமாயின், அங்கிருந்தே உல்லாசக் கப்பலும் ஏறலாம். அதற்காக இந்திய அனுமதியைப் பலமுறை நுழையக்கூடியதாகக் கேட்டு வாங்குக. சுற்று இல்லையேல், படகிலேயே திரும்புக. சேமிப்பில் பாதி மிஞ்சும். அவர் குறித்துக்கொண்டு போனார். இரண்டு நாட் கழித்து அம்மையாரே வந்தார். "அந்தப் பெரிய கப்பலில் அக்காவையும் கூட்டிக்கொண்டு ஏறலாமா ஐயா? திருகோணமலையில் ஒரு பகல் இறங்கினாலும் போதும், மண்ணை மிதித்த மாதிரி இருக்கும்" என்றார். இது எனக்குத் தோன்றாத எண்ணம்.

ஏறலாம்தான். அக்காளுக்கு எழுபத்தெட்டு வயது, ஊன்றுகோலுடன் நடக்கின்றார். சக்கர நாற்காலி வேண்டுமென்று பதியும்போதே எழுத வேண்டும். தாழ்ந்த தளத்தில், மின்தூக்கிக்கு அருகே, மூவர் தங்கும் அறை கேட்க வேண்டும். இந்தியப் பிரசையாகிய அவருக்கு இலங்கையிற் கரையிறங்குவதற்கான அனுமதியைக் கப்பல் நிறுவனம் பெற்றுத் தருமா, தாமே பெற வேண்டுமா என்பதையும் கேட்க வேண்டும். எல்லாவற்றுக்கும் முன், கடவுச்சீட்டு வேண்டும். அவரிடம் உள்ளது 1974இல் நாடு விட்டுப் போகும்போது கொடுக்கப்பட்டது. அது காலாவதியாகி நெடுங்காலமாயிற்று. மகன் புதியதற்கு விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கைத்தொலைபேசியிற் படமெடுத்துத் தங்கைக்கு அனுப்பியிருக்கின்றார். பிறந்த இடம் என்ற கட்டத்தில், மாத்தளை, இலங்கை என்று எழுதியிருந்தது.